எட்டாவது முனை

காலை 9.40. ஐயம்பேட்டை டிசைன் கூடத்தில் சாய்மா கம்ப்யூட்டரைத் திறந்தாள். எட்டு முனை நட்சத்திரம் வரைந்து வைத்திருந்த கோப்பைக் காணவில்லை. யாரோ அழித்திருந்தார்கள்.

அந்த நட்சத்திரம் போட்ட பட்டுச்சேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வரைந்தவருக்கே புதிய கூடத்தின் பொறுப்பு என்று முதலாளி அப்பாதுரை சொல்லியிருந்தார்.

10.15. அப்பாதுரையின் பட்டுக் கடைக்கு விளம்பரப் படம் செய்யும் சரத்குமார் லேப்டாப்பை விரித்தான். அதில் நட்சத்திரம் இருந்தது. தேதி ஜூன் 3. முதல் சேலை தறி ஏறியதோ ஜூலையில்.

"இந்தப் பொண்ணு என் டிசைனைச் சுட்டுத் தறிக்குக் குடுத்துட்டு, இப்ப அழுதுக்கினு இருக்குது," என்றான்.

அப்பாதுரை போலீசைக் கூப்பிட்டார். சாய்மாவுக்கு வேலை போகும், வழக்கும் வரும்.

11.30. சப்-இன்ஸ்பெக்டர் ஏலவார்குழலி ஷோகேஸில் இருந்த முதல் சேலையை விரித்தார்.

"மேல் முனை மட்டும் ஏன் மொட்டையா இருக்குது?"

நெசவாளர் துரைக்கண்ணு தலையைச் சொறிந்தார். டிசைனைத் தறிக்குச் சொல்வது துளையிட்ட அட்டைகள். "கோக்கும்போது மூணு அட்டை உட்டுப்போச்சும்மா. அடுத்த சேலைல சரி பண்ணிட்டேன். மொதலாளியே பாக்கல."

"இப்ப பாத்துட்டேன்," என்றார் அப்பாதுரை.

ஏலவார்குழலி சரத்குமாரிடம் திரும்பினார். "எப்படிப்பா வரைஞ்ச?"

"சிம்பிள் மேடம். ஒரு முனை போடணும். காப்பி பண்ணி நாப்பத்தஞ்சு டிகிரி திருப்பணும். ஏழு தடவை."

"நீ எப்படிம்மா?"

"அப்படித்தான் மேடம்," என்றாள் சாய்மா. "அவரு சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம்."

11.50. ஏலவார்குழலி லேப்டாப் படத்தைப் பெரிதாக்கினார்.

"ஒரே முனையைத் திருப்பி வெச்சா, தப்பு எட்டுலயும் வரணும். இல்லன்னா ஒண்ணுலயும் வரக்கூடாது. இதுல ஏழு கூரா இருக்குது. மேல் முனை மொட்டை."

சரத்குமார் படத்தை உற்றுப் பார்த்தான். "அது... ஸ்டைல் மேடம்."

"துரைக்கண்ணு ஜூலைல பண்ணப்போற தப்பை ஜூன்லயே ஸ்டைல் ஆக்கிட்டியா? இந்தச் சேலையைப் போட்டோ புடிச்சு, மேலயே கோடு இழுத்திருக்க. தேதியை மாத்திட்ட. அந்தப் பொண்ணு கோப்பை அழிச்சதும் நீதான்."

அவன் லேப்டாப்பை மூடினான்.

"ஏம்மா சாய்மா," அப்பாதுரை குரலைத் தணித்தார், "அந்தப் படம் மறுபடி..."

சாய்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு முனையை ஏற்கெனவே வரைந்து முடித்திருந்தாள். மற்ற ஏழுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.