ஈரச் சாக்கும் டிசம்பர்ப் பட்டமும்

"ஐயோ... அதைத் தொடாதீங்க!"

மாரென் திடுக்கிட்டுத் திரும்பினாள். மழைக்கு அவள் ஒதுங்கிய இடம், கல்லூரிக்குப் பின்னாலிருந்த சிவில் மாணவர்களின் பட்டறை. உள்ளே நீளமாக ஏதோ கிடந்தது. அதன்மேல் போட்டிருந்த சாக்குகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கூரை ஒழுகுகிறது போலும் என்று இரக்கப்பட்டு, அத்தனையையும் உருவிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டாள். புண்ணியம் செய்த நிறைவோடு நின்றவளை நோக்கித்தான் ஒருவன் ஓடி வந்தான்.

"கூரை ஒழுகுதேன்னு..."

"நாங்கதாங்க நனைச்சு வச்சோம்! கான்கிரீட் படகு. வசந்தகாலத்துல நடக்கிற படகுப் போட்டிக்கு. ஈரம் போச்சுன்னா விரிசல் விட்டுடும். நீங்க எந்தப் பிரிவு?"

"எலக்ட்ரிக்கல்..."

"அதானே பார்த்தேன்!"

கோபமாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சாம்பல் நிறக் கண்கள்... கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத கண்கள். மாரென் சாக்குகளை எடுத்து வாளியில் முக்கினாள்.

பெயர் வெஸ்லி. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக மறுநாளும் தண்ணீர் ஊற்ற வந்தாள். அதற்கடுத்த நாள் வந்ததற்குப் பாவம் எதுவும் காரணமில்லை.

அயோவாவில் குளிர் இறங்கியது. மாரெனுக்கோ வேறு கவலை. நாலு வருஷப் படிப்பைச் சீக்கிரமே முடித்துக் காட்டுவதற்காகக் கோடை விடுமுறைகளைக்கூட வகுப்பில் கழித்தவள் அவள். டிசம்பரிலேயே பட்டம் வேண்டுமென்றால் இந்த வெள்ளிக்குள் கல்லூரி அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். தொலைதூர டென்வர் நகரில் வேலையும் காத்திருந்தது. இதுவரை யோசிக்கவே தேவைப்படாத விஷயம், இப்போது தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"முடிச்சிட்டுப் போகவா... இல்ல எல்லாரையும் போல மே மாசம்வரை இருக்கவா?" கேட்டேவிட்டாள்.

வெஸ்லி நிமிரவில்லை. "இதுல என்ன யோசனை? நல்ல வேலை. போ."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்!

"ரொம்ப சந்தோஷம். நீயும் உன் படகும் நல்லா இருங்க!"

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறியவள், அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவனே கூப்பிடட்டும் என்று வீம்பு. அவன் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தை விட்டு அவள் வெளியே வந்தபோது, வாசலில் வெஸ்லி நின்றிருந்தான். வருஷத்தின் முதல் பனி அவன் தலைமுடியில் விழுந்துகொண்டிருந்தது.

"சொல்லிட்டியா?"

"டிசம்பர்தான்."

"ம்... நல்லது."

"நல்லதுன்னா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இருன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு, மாரென்?"

"உரிமையையா கேட்டேன்? உன் மனசுல என்ன இருக்குன்னுதானே கேட்டேன், மடையா!"

வெஸ்லி தன் காலணியைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் அவளைப் பார்த்தான்.

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ வராததிலேருந்து சாப்பாடே இறங்கல... போதுமா?"

மாரெனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குரலைத் தளரவிடவில்லை.

"ராப்பகலா உழைச்ச படிப்பு. அதை யாருக்காகவும் தள்ளிப்போட மாட்டேன்."

"தள்ளிப்போடாதே. அதனாலதான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன்."

"சரி... டென்வர் போறேன். ஆனா உன்னை விட்டுட்டுப் போறேன்னு நான் எப்போடா சொன்னேன்?"