பக்கத்துக் கட்டிலின் தாகம்

எனக்குப் பொறாமைதான். மூன்று முறை கரு தங்காமல் போன வயிறு என்னுடையது. என் கொழுந்தன் மனைவிக்கோ கல்யாணமான வருஷமே ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையிருக்க ஆள் தேடியபோது வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு வேறென்ன வேலை என்ற கணக்கு.

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அவள். மற்றது காலி, வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நடுவில் சின்ன மேஜை, அதன்மேல் தண்ணீர் ஜக்கு.

"பனிக்குடத்துல தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கு. நிறையத் தண்ணி குடிக்கணும், இடது பக்கமாவே படுக்கணும். இன்னும் குறைஞ்சா குழந்தைக்கு ஆபத்து," என்றார் டாக்டர்.

ஜக்கை நிரப்பினேன். காலியானது. மறுபடி நிரப்பினேன். "நல்லாக் குடிக்கிறா," என்று நர்ஸிடம் சொன்னேன். ஆனால் அடுத்த ஸ்கேனில் தண்ணீர் இன்னும் வற்றியிருந்தது.

"என்னடி இது, இவ்வளவு குடிச்சுமா?"

"நான் எங்க குடிச்சேன், அக்கா? கை நீட்டுறப்பல்லாம் ஜக்கு காலியா இருக்கு. நீங்கதான் குடிக்கிறீங்கன்னு பேசாம இருந்தேன்."

நான் ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை.

நல்ல மத்தியானம். மின்விசிறி ஓடும் சத்தம். அதற்குள் இன்னொரு சத்தம், யாரோ மடக் மடக்கென்று விழுங்குவது.

காலிக் கட்டில் பக்கமிருந்து.

பிறகு என் காதோரம் கிசுகிசுத்தது.

"அவளுக்கு மட்டும் எதுக்கு?"

நாள் முழுக்க நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் அவை.

குழந்தையின் இதயத் துடிப்பு குறைய, அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. பூஞ்சை உடம்பு, ஆனால் வீறிட்டு அழுதாள். அவளைக் கையில் வாங்கியதும் என் வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை.

வேறு அறை கேட்டேன். இல்லை என்றுவிட்டார்கள். குழந்தையின் இடுப்பில் துணியைச் சுற்றி, இடது பக்கம் முடிச்சுப் போட்டு, தொட்டிலில் கிடத்தினேன். தையல் போட்டிருந்த அவளால் எழுந்திருக்கவே முடியாது. கண்ணை மூடக்கூடாது என்றுதான் இருந்தேன். அசதியில் அயர்ந்துவிட்டேன்.

நர்ஸ் எழுப்பினாள். "குழந்தை ஒண்ணுக்குப் போச்சா? பனிக்குடத் தண்ணி கம்மியா இருந்த குழந்தைங்களுக்கு அதை முக்கியமாப் பாக்கணும்."

துணி காய்ந்திருந்தது.

முடிச்சு வலது பக்கம் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். காலிக் கட்டில் விரிப்பில், இடது பக்கமாக ஒருக்களித்து யாரோ படுத்த பள்ளம். அதன் அணைப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

தொட்டேன். இன்னும் சூடு ஆறவில்லை.