வரைபடத்தில் மட்டும் இருந்த படி

பௌர்ணமி மதியம். செங்கம் சாலையில் வெயில் கொளுத்தியது. மதிவதனி அந்தப் புது லாட்ஜுக்கு வந்தபோது வாசலில் செருப்பு விடக்கூட இடமில்லை. கிரிவலம் போக வந்த கூட்டம் சாயங்காலம் வரை தலைசாய்க்க அறை தேடி வந்து, மூன்று மாடியையும் நிரப்பியிருந்தது.

அந்த லாட்ஜை வரைந்து கொடுத்த ஆர்க்கிடெக்ட் அவள்தான். முதலாளி ஆதிமூலம் வாயெல்லாம் பல்லாக லட்டுப் பெட்டியை நீட்டினார்.

"வாங்க மேடம்! காலையில நீங்க கையெழுத்து போட்டீங்க, மத்தியானமே ஹவுஸ்ஃபுல்லு!"

அவள் ஒரு லட்டை எடுத்துக்கொண்டாள். அந்தக் கையெழுத்து பொய். வரைபடத்தில் இரண்டு படிக்கட்டு உண்டு. முன்னால் ஒன்று, தீ கீ பிடித்தால் ஜனங்கள் தப்பிக்கப் பின்னால் ஒன்று. பின்பக்கப் படி வரவேண்டிய இடத்தில் மாடிதோறும் ஓர் அறை ஏறியிருந்தது. கீழே போர்வை அடுக்கும் அறை. வெளியேறும் கதவுக்குப் பதிலாக வெள்ளைச் சுவர். எல்லாம் தெரிந்தும், 'வரைபடப்படியே கட்டப்பட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று சொல்லிக்கொண்டாள். காசு கொடுப்பவர் ஒருவர், உள்ளே படுத்துத் தூங்குபவர் வேறொருவர். தன் படிப்பு அந்த இரண்டாவது ஆளுக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் லட்டையும் மென்றாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வெள்ளைச் சுவருக்குப் பின்னால் யாரோ வெறுங்காலோடு படி இறங்கி வந்தார்கள். மெதுவாக. ஒவ்வொரு படியாக.

சுவரருகே வந்து சத்தம் நின்றது.

மதிவதனி போய்ப் போர்வை அறையைத் திறந்தாள். தலையணை, போர்வை, சோப்பு அட்டைப்பெட்டி. மேலே விரிசலில்லாத கூரை. படி ஏது, இறங்க ஆள் ஏது? ஆனால் புதுத்துணி வாசனைக்கு நடுவே ஒயர் கருகும் நாற்றம் அடித்தது. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

சுட்டது.

அவள் ஹாலுக்குத் திரும்பியபோது முன்படி வழியாக ஒரு பெண்மணி மூச்சிரைக்க இறங்கி வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து மகளோடு வந்திருந்த ராஜம்மாள்.

"ஏம்மா, பின்னாடி படியில ஒரு லைட்டாவது போடக்கூடாதா? இருட்டுல எறங்கிட்டேன். கீழ கதவே இல்ல. திரும்பி மேல ஏறி இந்தப் பக்கமா வரேன்."

ஆதிமூலம் சிரித்தார். "பின்னாடி ஏதும்மா படி? தூக்கக் கலக்கத்துல கனா கண்டிருப்பீங்க."

"கனாவா? நெறைய பேர் உக்காந்திருக்காங்கய்யா அங்க. கொழந்தைங்க வேற." ராஜம்மாள் குரலைத் தாழ்த்தினார். "கதவு எங்கன்னு கேக்கறாங்க."

மதிவதனி அவர் பாதங்களைப் பார்த்தாள்.

கணுக்கால் வரை கரி.

அதற்குமேல் அவளால் சும்மா நிற்க முடியவில்லை. ஹால் நடுவே போய் நின்றாள்.

"எல்லாரும் உடனே வெளிய போயிடுங்க. இந்த பில்டிங்ல ஒரு படிதான் இருக்கு. ரெண்டு இருக்குன்னு பொய்க் கையெழுத்து போட்டது நான்தான்."

ஆதிமூலத்தின் முகம் செத்துப்போனது. "மேடம், என்னா பேசறீங்க? என் பொழப்புல மண்ண போடாதீங்க!"

அவள் மாடிமாடியாக ஏறிக் கதவுகளைத் தட்டினாள். ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அவள் தலை நிமிரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கடைசி ஆள் வெளியேறியபோது மூச்சு கொஞ்சம் லேசானது.

ராஜம்மாள் மட்டும் வாசலைத் தாண்டாமல் நின்றார்.

"அவங்கள விட்டுட்டியேம்மா."

"யார?"

"படியில இருக்கறவங்கள. இந்த லாட்ஜு இல்லையாம் அவங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜாம்."

மதிவதனி போனை எடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டு அருகே போன வருஷம் திறந்த லாட்ஜும் அவள் வரைந்ததுதான். அந்த வரைபடத்தில் போட்ட பின்படியைத்தான் அப்படியே நகலெடுத்து இந்த வரைபடத்தில் ஒட்டினாள். அங்கே அந்தப் படியைக் கட்டினார்களா? அவள் போய்ப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்று பௌர்ணமி. அதுவும் நிரம்பித்தான் இருக்கும்.

அங்கே போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

சுவருக்குப் பின்னால் காலடிகள் மறுபடி கேட்டன.

இந்த முறை ஓடி வந்தன.

அவள் சாலைக்கு ஓடி, வந்த ஆட்டோவை மறித்து ஏறினாள். "பஸ் ஸ்டாண்டுக்கு! சீக்கிரம் போங்க!"

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "ரெண்டு பேரா மேடம்?"

மதிவதனி பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. பிறகு, சுவரில் வைத்த தன் வலது கையைப் பார்த்தாள். விரல்களைச் சுற்றி, ஒரு குழந்தை பிடித்ததுபோல, ஐந்து சின்னக் கரித்தடங்கள்.

ஆட்டோ கிளம்பியது. அந்தப் பிடி இன்னும் இறுகியது.