நாற்பத்தோராவது ஷட்டர்

திறப்பு விழாவுக்கு இன்னும் பதினேழு மணி நேரம் நாற்பது நிமிடம்.

ஒரு நாளும் மூடாத குடைக்கடை மாலை வரை திறக்கவில்லை என்று யாரோ போன் செய்ய, போலீஸ் வந்தது.

ஷட்டரில் அன்று காலை வரையப்பட்ட குடைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஷட்டரைத் தூக்கினார்கள்.

உள்ளே நிஜக் குடைக்காரர் கிடந்தார். கழுத்தில் கறுப்புக் குடைத்துணி இறுகியிருந்தது.

"நேத்து ராத்திரியே உயிர் போயிருக்கு மேடம்," என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து வீதியைப் பார்த்தாள்.

நூறு வருஷத்துக் கடைவீதி. அதற்குப் புத்துயிர் கொடுக்க வந்தவர் திட்ட அதிகாரி. மூடிக்கிடந்த நாற்பது கடைகளின் ஷட்டர்களிலும், வியாபாரம் அமோகமாக நடப்பதுபோல் படம் வரைய வைத்தார். நிஜமாக வியாபாரம் நடந்தது ஒரே கடையில்தான்.

அது திட்டத்துக்கு இடைஞ்சல்!

"இவன்தான் மேடம்..." அதிகாரி, ஷட்டர் படங்களை வரைந்த பெயின்டரைக் கை காட்டினார். "முந்தாநாள் ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. வீதியே பாத்துச்சு."

ஏட்டு விலங்கை எடுத்தார்.

பெயின்டர் பிரஷோடு கை கூப்பினார். "எதையும் ஒரு நாள் முன்னாடியே முடிக்கணும்னு சார் துரத்தினாரு மேடம். கடையை மூடினாத்தானே ஷட்டர்ல வரைய முடியும்? பெரியவர் மாட்டேன்னுட்டாரு."

"அதனால மூட வெச்சுட்டியா?"

"ஐயோ... கெஞ்சினேன் மேடம், அவ்வளவுதான். இன்னிக்குக் காலைல வந்தா மூடியிருந்துச்சு. மனசு மாறிட்டாருன்னு சந்தோஷமா வரைஞ்சேன். நான் உள்ள போயிட்டா வீட்டுல அடுப்பு எரியாது மேடம்."

"எல்லாம் நடிப்பு." அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு அமைச்சர் வர்றார். பிணத்தையும் இவனையும் சீக்கிரம் கிளப்புங்க. இந்த ஷட்டருக்கு இன்னொரு கோட்டிங் பாக்கி இருக்கு."

அப்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. கல்வெட்டுக்காரர் இறங்கினார். பின்னால், சாக்கில் சுற்றிய ஒரு கல்.

அதிகாரியின் முகம் சுண்டியது.

"யோவ், உன்னை நாளைக்குத்தானே வரச் சொன்னேன். திருப்பி எடுத்துட்டுப் போ."

"எதையும் ஒரு நாள் முன்னாடின்னு உயிரை வாங்குறது நீங்கதானே சார்?"

"சாக்கைப் பிரிங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

பளபளக்கும் கருங்கல். 'இவ்வீதியின் கடைசிக் குடைக் கலைஞரின் நினைவாக.' கீழே, மறைந்த தேதி.

நேற்றைய தேதி!

"அது... இரங்கல் மேடம். விஷயம் தெரிஞ்சதும் அவசரமா செய்யச் சொன்னேன்."

"பிணத்தைப் பாத்தே அரை மணி நேரம்தான் சார் ஆச்சு."

அவள் கல்வெட்டுக்காரரிடம் திரும்பினாள். "இதைச் செதுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நேரமா? கருங்கல்லு மேடம் இது. பாலிஷோட சேத்து முழுசா ஆறு நாள். சார் தன் கைப்பட தேதியோட எழுதிக் குடுத்தது போன வாரம்."

பெயின்டரை விட்டுவிட்டு ஏட்டு அதிகாரியின் பக்கம் நகர்ந்தார்.

"மாட்டுங்க ஏட்டய்யா," என்றாள் இன்ஸ்பெக்டர். "என் சர்வீஸ்ல, கல்வெட்டுல போட்ட தேதிக்கே முடிஞ்ச அரசாங்க வேலை இது ஒண்ணுதான்."