எழுதியவன் பேசக்கூடாது

ஜப்பானின் கோபே நகரத்தில் ஜூன் மழை பிடித்தால் மூன்று வாரத்துக்கு விடாது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நான் தோமிதா அம்மாவின் காபிக்கடைக்குள் நுழைந்தபோது குடையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எம்லின்-சான், செருப்பைப் படியில விட்டுட்டுப் போகாதீங்க. மேல ரெண்டு பேரும் வந்தாச்சு" என்றார்.

மாடியில் பாய் பதித்த அறை. மழைக்காலத்தில் ஊறிய வைக்கோல் வாடை அடிக்கும். ஒன்பது வருஷமாக மாதம் ஒரு ஞாயிறு அங்கேதான் கூடுகிறோம். ஊரை விட்டு வந்து இங்கே உட்கார்ந்து ஆங்கிலத்தில் கதை எழுதுகிறவர்கள் நாங்கள். அதைப் படிக்க வேறு யாரும் இல்லாததால் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக்கொண்டிருந்தோம்.

கனடாக்காரி வினிஃப்ரெட் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாக்காரன் கிளெமுக்கு வாய் நிற்காது. நான் வேல்ஸ் நாட்டில் கப்பல் பட்டறையில் கிடந்தவன். முப்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். இங்கே பழைய வீடுகளை இடித்துக் காலி செய்கிற வேலை. நாலாவது ஆள் ஃபெர்கஸ், இடதுகைக்காரன். பிப்ரவரியில் செத்துப்போனான்.

தனிக்கட்டை. ஆறு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லி எங்கள் முதலாளியைக் கூப்பிட, போன ஆட்களில் நானும் ஒருவன். அவன் சட்டை, பானை, புத்தகம் எல்லாம் மதியத்துக்குள் லாரியில் ஏறிவிட்டன. அங்கிருந்து ஒரு துரும்பையும் எடுக்கக்கூடாது. நான் ஒரு காகிதக் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

பத்திரமாக வைக்கத்தான் எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏப்ரலில் அதிலிருந்த கதையைத் தட்டச்சு செய்தேன். மே மாதம் மேலே என் பெயரைப் போட்டு மற்ற இருவருக்கும் கொடுத்தேன்.

டோக்கியோவில் ஒரு சின்னப் பதிப்பகம் எங்களைப் போன்றவர்களின் கதைகளைத் தொகுத்துப் போடுகிறது. எங்கள் குழுவிலிருந்து ஒரு கதை கேட்டிருந்தார்கள். இதை அனுப்பலாமா என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். என் பெயர் அதுவரை அச்சில் வந்ததே இல்லை.

"வந்துட்டாரு மகாராஜா. இன்னைக்கு நீதான்டா பிணம். வாயைத் திறந்தே, எல்லாருக்கும் காபி உன் செலவு" என்றான் கிளெம்.

எங்கள் வழக்கம் அது. யாருடைய கதையைப் பேசுகிறோமோ அவர் முடியும்வரை பேசக்கூடாது. செத்தவர் மாதிரி உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"பிணம் கிணம்னு உளறாத. ஃபெர்கஸ் போயி அஞ்சு மாசம்கூட ஆகல" என்று வினிஃப்ரெட் அவனை அதட்டினார். கிளெம் தலையைக் குனிந்துகொண்டான்.

இருவரும் தாள்களைப் புரட்டி ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே பேசினார்கள். தன் அப்பாவின் சாவுக்கு ஊர் போகாத ஒருவன், துறைமுகத்தில் யாரோ ஒருவரின் அப்பாவைக் கப்பலேற்றி அனுப்பிவைக்கிற கதை.

"நிஜமாவே சொல்றேன்டா" என்றான் கிளெம். அவன் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. "இதைப் படிச்சிட்டு எங்கப்பனுக்கு போன் போட்டேன். பதினோரு வருஷம் கழிச்சு. கெழவன் அழுதுட்டான்."

என் காது சுட்டது. பேசக்கூடாது என்ற விதி எனக்கு வசதியாக இருந்தது.

வினிஃப்ரெட் பென்சிலைக் கீழே வைத்தார். கிளெமும் வைத்தான்.

பென்சில் கீறும் சத்தம் நிற்கவில்லை.

மழைதான் என்று நினைத்தேன். மழை தகரத்தில் விழுகிற சத்தம் வேறு. இது என் இடப்பக்கம், முழங்கைக்குப் பக்கத்தில் கேட்டது. அங்கே உட்காருகிற சின்ன மெத்தை ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது.

ஒரு வரி எழுதும் சத்தம். ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு வரி.

அப்புறம் அந்த வாடை. வலிப் பிளாஸ்திரியின் காட்டமான கற்பூர வாடை. ஃபெர்கஸ் கழுத்தில் எப்போதும் ஒட்டியிருப்பது.

மற்ற இருவர் முகத்திலும் ஒன்றுமில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லை.

"இதையே அனுப்பலாம். எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார் வினிஃப்ரெட். "இனி எழுதினவர் பேசலாம்."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

என் பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

நெடுநேரம் பேசாமல் இருந்தவன் தன் முறை வந்ததும் இழுப்பானே, அந்த மாதிரி மூச்சு.

"இது என் கதை இல்ல" என்றேன். "ஃபெர்கஸோடது."

வினிஃப்ரெட் என் பக்கம் திரும்பினார்.

"எப்ப எடுத்த?"

"ரூமைக் காலி பண்ணின அன்னைக்கு."

"அவன் அம்மாவுக்கு அனுப்ப ஒரு தாளாவது கெடைக்குமான்னு உன்கிட்ட நான் கேட்டேனே, எம்லின். எல்லாம் குப்பைக்குப் போயிடுச்சுன்னு சொன்னியே."

வினிஃப்ரெட் என் பெயரை அடித்துவிட்டு மேலே அவன் பெயரை எழுதினார். கிளெம் என்னைப் பார்க்காமலே எழுந்து கீழே போனான்.

ஃபெர்கஸின் கைப்பிரதி அவன் அம்மாவுக்குப் போனது. செப்டம்பரில் அச்சுக்கு முந்தின திருத்தப் படி தபாலில் என் வீட்டுக்கு வந்தது. பிழை பார்க்க வேண்டியது நான்தான் என்று வினிஃப்ரெட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது தண்டனை என்று எனக்குப் புரிந்தது. ஒட்டிய உறையை நான்தான் கத்தியால் கிழித்தேன்.

முதல் பத்துப் பக்கங்களும் சுத்தமாக இருந்தன.

கடைசிப் பக்கத்தின் கடைசிப் பத்தி மட்டும் பென்சிலால் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. இடதுகைக்காரன் எழுதினால் கை உரசிக் கரி இழுபடுமே, அப்படி ஓரமெல்லாம் கறுப்பு. விரலை வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

எதையும் அழிக்காமல் அப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். புத்தகத்தில் கதை அந்தப் பத்தி இல்லாமல்தான் முடிகிறது.

அந்தப் பத்தியை எழுதிச் சேர்த்தது நான். அதை மட்டும் அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை.