நாற்பத்தொரு பெண்களின் ஒரே கை

மூன்றாவது புகார் வந்தபோது சந்தனமேரி மதியச் சோற்றுக்கு எழுந்துகொண்டிருந்தாள். சுவரில் இருந்த திரை சிவந்து, அவள் பெயரைப் பெரிதாகக் காட்டியது. கோயம்புத்தூரில் ஒருவர் முழுப் பாதாம் வைத்த சாக்லேட்டைக் கடித்திருக்கிறார். பருப்போடு ஒட்டிக்கொண்டிருந்த ஓட்டுச்சில் குத்தி அவர் கடைவாய்ப் பல் உடைந்துவிட்டது. மிச்சப் பருப்பைக் கைபேசியில் காட்டியதும், தூத்துக்குடி பருப்பாலையில் அதைத் தொட்டு அனுப்பிய கை யாருடையது என்று தெரிந்துவிட்டது.

ஓடு உடைக்கும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு எத்தனையோ காலமாகிறது. கப்பலில் ஓட்டோடு வந்திறங்கும் பாதாமை ஓடுரிப்பான் மூட்டை மூட்டையாய் உரித்துத் தள்ளும். ஓட்டுச்சில் ஒட்டியதையும் கசந்ததையும் பூஞ்சை பிடித்ததையும் ஒளியாலேயே கண்டுபிடித்து ஊதி ஒதுக்கிவிடும். மனுசக் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை என்பதுதான் நிஜம். ஆனாலும் லட்சத்தில் ஒன்று தப்பத்தான் செய்யும். தப்பியது இயந்திரத்தின் தவறு என்றால் நீதிமன்றம் முதலாளியைப் பிடிக்கும். மனிதக் கையின் தவறு என்றால் அந்தக் கையோடு விவகாரம் முடிந்தது. சாக்லேட், ஐஸ்கிரீம், இனிப்புக் கம்பெனிக்காரர்களும் கேட்டது அதைத்தான்: ஒவ்வொரு பருப்புக்கும் ஒரு பெயர் வேண்டும்.

அதற்காகப் பிறந்ததுதான் கைப்பதிவுறை. மெல்லிய கையுறை, அது தொடும் ஒவ்வொரு பருப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி விழும். பருப்பைச் சுமந்து ஓடும் பட்டையின் இருபுறமும் நாற்பத்தொரு பெண்கள் உட்கார்ந்து, முன்னால் பாய்ந்து போகும் பருப்பைத் தடவித் தடவி அனுப்ப வேண்டும். அந்த வேகத்தில் தடவலாமே தவிர, எதையும் பார்க்க முடியாது. பார்க்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவும் இல்லை. ஆண்டுக்கு மூன்று புகார் வந்தால் உணவுத்தொழில் அட்டை ரத்து, உணவு ஆலை முதலாளிகள் சேர்ந்து போட்ட விதி அது. அட்டை போனால் நாட்டில் எந்த உணவு ஆலையிலும் நுழைய முடியாது, கம்பெனிக் குடியிருப்பில் இருக்கும் வீட்டையும் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். சந்தனமேரியின் புருசன் போய்ச் சேர்ந்து நாலு வருசம். இளைய மகளுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. வீடு போனால் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்?

பெண்கள் சும்மா இருக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் பெயரில் இரண்டு புகார் சேர்ந்துவிட்டதோ, அவளுடைய உறையை அந்த வேகத்திலும் ஓட்டுச்சில் ஒன்றிரண்டையாவது பிடித்துவிடுகிற, அந்தக் கூட்டத்திலேயே கூர்மையான கண்காரி மாட்டிக்கொள்வாள். இரண்டு புகார் வாங்கியவள் புகாரே இல்லாத ஒருத்தியின் உறைக்குள் ஒளிந்துகொள்வாள். உறை தன் சொந்தக்காரியின் விரல்நடையை, விரல்கள் அசையும் தினுசை, தினமும் படித்து, மாற்றம் இருந்தால் தன்னைத் திருத்திக்கொள்ளும். வயதானால் விரல் தளரும், பனியில் விறைக்கும் என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். அதனால் முதலில் அரைமணி, பிறகு ஒரு மணி, பிறகு முழுநாள் என்று பதமாக மாற்றிப் பழக்கிவிட்டார்கள். உறையும் சமர்த்தாகப் பழகிக்கொண்டது.

ஏற்பாடு ரொம்பவும் நன்றாக நடந்ததுதான் வினையாகப் போயிற்று. பழியைச் சமமாகப் பங்குபோட்டுப் பங்குபோட்டு, போன வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு பேர் பெயரிலும் இரண்டிரண்டு புகார் வந்து நின்றது. ஒளிந்துகொள்ளச் சுத்தமான பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை. அடுத்து வருவது யார் தலையிலாவது விழுந்தே தீரும், அது சந்தனமேரியின் தலையில் விழுந்தது.

அவள் அழவில்லை. சோற்று வாளியை மூடி வைத்துவிட்டு, குடியிருப்பில் எந்தச் சாமானை முதலில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது உச்சினி பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டத்திலேயே கூர்மையான கண்காரி அவள்தான். அந்தப் பருப்பு போன நாளில் மேரியின் உறையை மாட்டியிருந்தவளும் அவள்தான்.

"என் கண்ணுதான்க்கா தப்பிருச்சு. நான் போய்ச் சொல்லிருதேன்."

"சும்மா கெட ஏட்டி. ஒன் அட்டை போனா மட்டும் எனக்குச் சந்தோசமா?"

சொன்னாளே ஒழிய, அந்த ஒரு நொடியில் அவள் சொல்லிவிடட்டுமே என்று மேரியின் மனசு ஏங்கத்தான் செய்தது. அதை நினைத்து அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. உச்சினி காத்திருக்கவில்லை. மேனேஜர் அறைக்குள் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். மேரியும் பின்னாலேயே ஓடினாள்.

மேனேஜர் பொன்னுலிங்கம் கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். எட்டு மாதமாக உறை மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது. வாயால் சொன்னதை வைத்து எதையும் எழுத முடியாது என்றார். குறிப்பிட்ட நாளில் அந்த உறைக்குள் இருந்த கை யாருடையது என்று பொறுப்பறிவானிடம் கேட்டார். எல்லா உறைகளின் விரல்நடையையும் ஒப்பிட்டு ஆளைச் சொல்லும் கணிப்பொறி அது.

வழக்கமாக ஒரு நொடியில் பதில் வரும். இந்த முறை நான்கு நிமிடம் ஆயிற்று. ஒவ்வோர் உறைக்குள்ளும் எல்லாக் கைகளும் மாறி மாறிப் புகுந்து புறப்பட்டதில், நாற்பத்தொரு விரல்நடையும் கலந்து ஒன்றாகியிருந்தன. பொறுப்பறிவான் தனக்குத் தெரிந்த வரையில் நேர்மையாகவே முடிவு சொன்னது: நாற்பத்தொரு பெயர்களும் ஒரே ஆளுடையவை. இந்த ஆலையில் வேலை செய்பவர் ஒருவர்தான்.

பொன்னுலிங்கம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரும் முன்பே அடுத்த செய்தி வந்துவிட்டது. தொழிலாளியைப் பற்றிய எந்த முடிவும் அந்தக் கணமே தொழிலாளரைப் பிழியாமல் பார்த்துக்கொள்ளும் அரசின் உழைப்புக் காவலுக்குப் போய்விடும், அதுதான் சட்டம். நாற்பத்தொரு பேரின் எட்டெட்டு மணி நேரத்தையும் கூட்டி அது எழுதியிருந்தது: ஒருவர், தினமும் முந்நூற்று இருபத்தெட்டு மணி நேர வேலை, எட்டு மாதமாக. உங்கள் விளக்கத்தை ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பவும். தவறினால் ஆலைக்குப் பூட்டு.

முதலாளிகள் மூன்று பேரும் திரையில் வந்து உட்கார்ந்தார்கள். நாற்பத்தொரு பேரும் வேறு வேறு ஆட்கள்தான் என்று எழுதிவிடலாமே என்றார் ஒருவர். எழுதினால், உறை மாற்றியது வெளிவந்து பருப்பில் இருக்கும் பெயர்களெல்லாம் பொய் என்றாகிவிடும், எட்டு மாதச் சரக்கும் திரும்பி வரும் என்றார் இன்னொருவர். அப்படியானால் ஒரே ஆள் என்று எழுதலாமா? ஒரே ஆளை முந்நூற்று இருபத்தெட்டு மணி நேரம் வேலை வாங்கியதற்கு ஜெயில்தான். அந்த இரண்டு பெண்களும் வாசலருகே நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் கம்பெனி வக்கீல் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். எந்த ஒரு கையும் பொறுப்பல்ல, எல்லாப் பருப்புக்கும் பொறுப்பு நிறுவனமே. இந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் இருப்பதற்காகத்தான் கைப்பதிவுறைக்குக் கோடி கோடியாகக் கொட்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் எழுதி அனுப்பினார்கள். கைகள் யாருடையவை என்ற கேள்வியே போய்விட்டதால் உழைப்புக் காவலும் ஏற்றுக்கொண்டது. சந்தனமேரியின் பெயருக்கு எதிரே சுழியம் விழுந்தது. அவள் உச்சினியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஆனால் பெண்களின் பெயரிலிருந்து கழிந்த எண்பத்து மூன்று புகார்களும் எங்காவது போய்ச் சேர வேண்டுமே! நேராக நிறுவனத்தின் பெயரில் போய் உட்கார்ந்தன. மூன்று புகாரைத் தொட்ட எந்தப் பெயரின் அட்டையும் இருபது நிமிடத்தில் ரத்தாகும் என்று பொறுப்பறிவான் அமைதியாக அறிவித்தது.

பதினோரு நிமிடத்தில் முதலாளிகளே அந்த விதியை நீக்கிவிட்டார்கள். தவறுவது மனித இயல்பு, எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிப்பது நியாயமாகாது என்று சுற்றறிக்கை வந்தது. உச்சினி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, இத்தனை நல்ல மனசு இவர்களுக்கு எப்போது வந்தது என்று கேட்டாள்.

மறுநாள் காலை மேரி வழக்கம்போலப் பட்டை முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள். பருப்பு ஓடவில்லை, நடந்து வந்தது. தலைக்கு மேல் புது விளக்குகள் எரிந்தன. முதுகு சாய்கிற நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாய், வரியும் நிறமுமாய், கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. எத்தனையோ லட்சம் பருப்பைத் தொட்டு அனுப்பியவள் அப்படியொன்றைப் பார்த்ததே இல்லை. பட்டை ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பொன்னுலிங்கத்தைக் கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இனிமே பருப்புல இருக்கது கம்பெனி பேருல்லா, மேரிம்மா. கொஞ்சம் நல்லாப் பாத்து அனுப்புங்க."