காணாமற்போன புதன்கிழமைப் பாடம்

துப்பறிகிறவரை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அழைப்பவர்கள் குறைவு. குலசிங்கம் அழைத்தார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சூசைதாசன் ஊரில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ரொறன்ரோவில் காப்புறுதிக் கொம்பனிகளுக்காக விசாரணை செய்பவர். மனைவி பேர்ணடெற்றும் கூட வந்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் துணிச்சல் அந்த முன்னாள் இன்ஸ்பெக்டருக்கு இல்லை.

குலசிங்கத்துக்குச் செவ்வாய்க்கிழமை இருதயத்தில் ஒப்பரேசன். அதுவரை அதிர்ச்சி எதுவும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் மனிதரின் மனம் ஒரு வீடியோ கசெற்றில் போய் நின்றது.

அவர் மனைவி சாம்பவி பல்கலைக்கழகமொன்றில் பரதநாட்டியம் படிப்பிப்பவர். வகுப்பைக் கமெராவில் பதிவார்கள். அதே நேரம் இணையம் வழியாக வின்னிபெக்கில் உள்ள மாணவர்களுக்கும் அது போகும். கசெற்றின் பிரதி குலசிங்கத்திடம் வரும். பழைய மிருதங்கக்காரர், ஒன்றும் விடாமல் பார்த்துத் தாளத்தில் பிழை பிடிப்பார்.

"இந்தப் புதன்கிழமைப் பாடத்தைக் காணேல்லை, அண்ணை. வகுப்பு அலுமாரியிலை இருந்த கசெற்றை ஆரோ எடுத்திட்டாங்கள். கமெரா பிடிக்கிற எங்கடை பெடியன் அலெக்ஸாண்டருக்கும் இவவுக்கும் முந்தி வாக்குவாதம். உவன்தான் எடுத்திருப்பான். இவவோ, விடுங்கோ எண்டு சொல்லுறா."

"வேறை என்ன சொன்னவ?" என்றார் சூசைதாசன்.

"முழங்கால் நோகுதாம், ஆட ஏலாதாம். நேற்று வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகேல்லை. பனியாம். எந்தப் பனிக்கும் நிக்காமல் போய்த் திருநீறு கொண்டுவாற மனுசி." அவர் வெறும் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

கட்டிலருகே ஓர் இளைஞனின் படம் இருந்தது. "மகன் ஜனார்த்தன். ஒரே பிள்ளை. சண்டை நடக்கிற வன்னியிலை வாத்தியார். கன நாளாய்த் தொடர்பில்லை" என்றார்.

திங்கட்கிழமை இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அலெக்ஸாண்டர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வரவேற்றான்.

"கசெற் போனால் என்ன? இணையத்திலை போனது இந்தக் கொம்பியூட்டரிலை கிடக்கு. படம் தீப்பெட்டி அளவுதான். ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. ரீச்சருக்கு இந்தக் கொம்பியூட்டர் சங்கதி ஒண்டும் ஏறாது."

முதலில் முந்திய வாரத்துப் பாடத்தைப் பார்த்தார்கள். சாம்பவி நடராசர் சிலைக்கு முன்னால் குத்துவிளக்கை ஏற்றி, நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, ஆடத் தொடங்கினார். அடுத்து, காணாமற்போன பாடம். படம் நின்று நின்று அசைந்தது. சாம்பவி சிலையை விட்டுத் தள்ளி ஒரு நாற்காலியில் இருந்து தட்டுக்கழியால் தாளம் போட்டார். விளக்கேற்றப் போன மாணவியைக் கையசைத்துத் தடுத்தார். ஒருமுறை மட்டும் எழுந்து வந்து, குந்தியிருந்து ஒருத்தியின் பாதத்தைத் திருப்பி வைத்தார்.

சூசைதாசன் அலெக்ஸாண்டரைக் கோப்பி குடிக்க அனுப்பினார்.

"இவன் ஆள் சரியில்லை" என்றாள் பேர்ணடெற்.

"இவன் எடுத்திருந்தால் கொம்பியூட்டரிலை கிடக்கிறதையும் அழிச்சிருப்பான். அது கிடக்கிறது தெரியாத ஆள்தான் எடுத்தது."

"சாம்பவியோ? தன்ர பாடத்தைத் தானே களவெடுக்கிறதோ?"

"முழங்கால் நோகிற மனுசி எப்பிடிக் குந்தினவ, கண்டனீரோ? கால் நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் ஆடேல்லை. கும்பிடேல்லை. விளக்குக்குக் கிட்டப் போகேல்லை. கோயிலுக்கும் போகேல்லை. நாங்கள் யேசுவைக் கும்பிடுற வேதக்காரர்தான். எண்டாலும் ஊரிலை பக்கத்து வீடுகளிலை பாக்காததோ?"

பேர்ணடெற்றின் குரல் இறங்கியது. "துடக்கு. செத்த வீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் விளக்கேத்தாயினம், கோயில் வாசல் மிதியாயினம்."

"ஓம். ஆனால் புருசனுக்குத் தெரியாத துடக்கு. தெரிஞ்சால் அந்த இருதயம் தாங்காது. ஆருடைய சாவெண்டு யோசியும்."

அவள் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வாசலில் சாம்பவி நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகம்.

"போன செவ்வாய் கொழும்பிலை இருந்து போன் வந்தது" என்றார். "பள்ளிக்கூடத்துக்கு மேலை ஷெல்..." பேர்ணடெற் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வகுப்பை விட்டால் ஏனெண்டு கேப்பார். படிப்பிச்சால் கசெற் கேப்பார். விளக்கு எரியாததைத்தான் முதல் காணுவார். அதுதான் எடுத்தனான்."

"ஒருக்கால் ஏத்தியிருக்கலாமே, அக்கா? அவருக்காக?" என்றாள் பேர்ணடெற்.

"அவருக்குப் பொய் சொன்னனான், சொல்லுவன். பிள்ளைக்கெண்டு நான் வாய்விட்டு அழவுமில்லை. அவனுக்கு நான் செய்யக்கூடியதாய் இருந்தது, அந்த விளக்கை ஏத்தாமல் விட்டது மட்டுந்தான்."

சூசைதாசனுக்குக் கண் கலங்கியது. கொலைகாரர்கள் பலரைப் பிடித்த மனிதர், அன்று ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று நினைத்தார்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் அவர் சுருக்கமாகவே பேசினார். "கசெற் கிடைக்கேல்லை. ஆனால் அலெக்ஸாண்டர் எடுக்கேல்லை. அது நிச்சயம். அவனைக் குறை சொல்லாதேங்கோ."

குலசிங்கம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு பேர்ணடெற்றின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. அவர் கை மெல்ல நெற்றிக்குப் போனது.

"அவ கோயிலுக்குப் போகாதது பனியாலை இல்லை, என்ன?" என்றார்.

குலசிங்கம் மகனின் படத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். பேர்ணடெற் தாதியைக் கூப்பிட எழுந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. என்னைக் காப்பாத்திறன் எண்ட நினைப்பிலைதான் அவ நிக்கிறா. நாளைக்கு ஒப்பரேசன் முடியுமட்டும் நிக்கட்டும்."

சற்று நேரத்தில் சாம்பவி கோட்டில் பனியோடு வந்தார். குலசிங்கம் படத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டிருந்தார்.

"முழங்கால் எப்பிடி?" என்று கேட்டார்.

"இப்ப பரவாயில்லை" என்றார் சாம்பவி.